தலைவலி டாக்டரம்மா யாரையும் மாற்றவில்லை

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் பெரியவர் ரங்கநாதன் அவர்களே! எனக்கு முன்னால் உருக்கமாகப் பேசி அமர்ந்திருக்கும் நற்பணி மன்றச் செயலாளர் அண்ணன் ஜெயராமன் அவர்களே! துணைவியாரை இழந்துவிட்டு, எங்களுக்காக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இங்கே வந்திருக்கும் ஐயா கலியபெருமாள் அவர்களே! மேடையின் ஓரத்தில், ஊருக்குப் புதியவராக உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஹபீபா அவர்களே! செஞ்சியிலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும், பஸ் பிடித்து அவலூர்பேட்டையிலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! என் குரலைக் கேட்டாலே தூங்கிப் பழகிய என் மாணவர்களே! உங்கள் எல்லோருக்கும் தமிழாசிரியர் தேவசகாயத்தின் வணக்கம்.

நீங்கள் எல்லோரும் அழுதுகொண்டே பேசினீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் தேவசகாயத்துக்குக் கல் நெஞ்சு என்று பேசக்கூடாது. செய்தி வந்தபோது ஒன்பதாம் வகுப்பில் வேற்றுமை உருபு நடத்திக்கொண்டிருந்தேன். கேட்டேன். சரி என்றேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கி எட்டாம் வேற்றுமை வரைக்கும் நடத்தி முடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று மரத்துப்போன உடம்பு இன்னும் அப்படியே கிடக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

மனநல மருத்துவர் டாக்டர் தனகோட்டி அம்மையார் எப்படிப் போனார்? திண்டிவனம் பஸ்ஸில், ஜன்னலோரத்தில், மடியில் கைப்பையோடு போனார். "தூங்கறாங்கன்னுதான் சார் நெனச்சேன். ஸ்டாண்டு வந்து எல்லாரும் எறங்கிட்டாங்க. டாக்டரம்மா, எறங்குங்கன்னு கூப்ட்டேன். அப்பறந்தான் சார் தெரிஞ்சுது" என்று கண்டக்டர் என்னிடம் சொன்னார். யாருக்கும் தொந்தரவு தராமல் போய்விட்டார் என்று இங்கே பேசியவர்கள் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எங்களைக் கேட்காமல் போய்விட்டார் என்பேன். எதையும் எங்களைக் கேட்காமல் செய்யாத அம்மையார், இதை மட்டும் கேட்காமல் செய்துவிட்டார்!

அண்ணன் ஜெயராமன் இப்போது ஒரு தீர்மானத்தை வாசித்தார். கவனித்தீர்களா? "வழி தவறிய இளைஞர்களைக் குணமாக்கி, இல்லற வாழ்வில் சேர்த்த அன்னாரின் அரும்பணியைப் புதிய மருத்துவர் தொடர்ந்து நடத்த வேண்டுமென இக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது." நல்ல தமிழ். ஒரு பிழை கிடையாது. நான் பேசி முடித்ததும் தலைவர் நம்மை எழுந்து நிற்கச் சொல்வார். ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். நின்றால் தீர்மானம் நிறைவேறியது என்று பொருள். நம் ஊர் வழக்கம் அதுதான். அந்தத் தீர்மானத்தில் 'குணமாக்கி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன்.

அதற்கு முன் அம்மையாரைப் பற்றித் தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

அவலூர்பேட்டையில் பிறந்தவர். மதராஸில் மருத்துவம் படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்தவர். போதும் என்று அதை விட்டுவிட்டு, ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில் நம் செஞ்சிக்கு வந்தார். கோட்டைக்குப் போகிற சாலையில், சைக்கிள் கடைக்கு மேலே மாடி பிடித்தார். "டாக்டர் தனகோட்டி, மனநல மருத்துவர்" என்று போர்டு மாட்டினார். நம் ஜனங்கள் அந்தப் போர்டில் எதைப் படித்தார்கள்? தனகோட்டி என்ற பெயரை மட்டும் படித்தார்கள். பொம்பளை டாக்டர் வந்துவிட்டார் என்றால் நமக்கு அவர் லேடி டாக்டர். லேடி டாக்டர் என்றால் பிரசவ டாக்டர்! வேறு பொருள் நம் அகராதியிலேயே கிடையாது. மாட்டு வண்டியில் வலி எடுத்த பெண்ணையே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். "யம்மா, நான் மனசு பாக்கற டாக்டரும்மா, பிரசவம் பாத்து எத்தினியோ வருஷமாச்சு" என்று இவர் சொல்ல, "மனசு அப்பறம் பாக்கலாம், இப்ப இதப் பாரு தாயே" என்று மாமியார் சொல்ல, பார்த்தார். சுகப்பிரசவம்! அந்தக் குழந்தைக்கும் தனகோட்டி என்றுதான் பெயர். ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள்.

ஆனால் லேடி டாக்டர் மாடிப்படியில் ஆம்பிளை ஏறுவானா? ஏறினால் கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர்கள், "இன்னா மாப்ள, எத்தினியாவது மாசம்?" என்று கேட்பார்கள். கேட்டார்கள்! அதனால் அம்மையார் போர்டையே அழித்துவிட்டு, "தலைவலி பார்க்கப்படும்" என்று எழுதினார். தலைவலி யாருக்கு இல்லை? படியில் கூட்டம் ஏறியது. அன்றிலிருந்து நம் ஊருக்கு அவர் தலைவலி டாக்டரம்மா.

அந்தப் படியில் ஏறிய ஒருவனைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

அவன் வாத்தியார். படித்தவன். சின்ன வயதிலிருந்தே அவன் மனம் பெண்கள் பக்கம் போனதில்லை. ஆண்கள் பக்கம்தான் போனது. அவன் யாரையும் கெடுக்கவில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அவன் படித்த காலத்தில் அவன் நடையைப் பார்த்தே பள்ளிக்கூடத்தில் பின்னால் நின்று "ஒம்போது, ஒம்போது" என்று கத்தினார்கள். கணக்கு வாத்தியார்கூட அந்த எண்ணை அத்தனை தடவை சொல்லியிருக்கமாட்டார். அவனுடைய நைனா மதலைமுத்து நல்ல மனிதர். பிள்ளையைச் சரி பண்ண வேண்டும் என்று எங்கோ ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். அங்கே நெற்றிப்பொட்டில் கரண்ட் வைத்தார்கள். நம் ஊரில் கரண்ட் என்றைக்கு ஒழுங்காக இருந்தது? இங்கே கிடைக்காத கரண்டெல்லாம் அவனுக்கு அங்கே கிடைத்தது! வெளியே வந்தபோது பழகிய வீட்டுக்கு வழி மறந்திருந்தது. ஆசை மட்டும் மறக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் பெண் பார்த்தார்கள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. "இவனுக்கும் இவளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர் சொல்லவும்" என்று சாமியார் வாசிக்கிறார். தடை தெரிந்தவன் முன் வரிசையில் மாப்பிள்ளையாக முழங்காலில் நிற்கிறான்! இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது. அதற்குள் செத்துப்போவதா, தலைவலி டாக்டரம்மாவைப் பார்ப்பதா என்று யோசித்து, மாடிப்படி ஏறினான்.

உள்ளே என்ன பார்த்தான் தெரியுமா? டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் மேஜை இல்லை. மேஜையைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார். ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி. அவன் உட்காராமலே அழுதான். "என்ன எப்டியாவது மாத்திடுங்க டாக்டரம்மா" என்றான்.

"மாத்த எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சவங்க ஒலகத்துல யாரும் இல்ல. தெரியும்னு சொல்றவங்க இருக்காங்க. நீ அவுங்ககிட்டப் போயிட்டுத்தான வந்துருக்க?"

"அப்ப எனக்கு இன்னா நோவு?"

"இதுக்கு நோவுன்னு பேரு இல்ல. நீ தூங்காம இருக்கறது நோவு. சாவணும்னு நெனைக்கறது நோவு. அத ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். ஒண்ணு மட்டும் செய்யணும் நீ. நான் தப்பா எதனா சொன்னா, இல்ல டாக்டரம்மான்னு சொல்லணும். சொல்லுவியா?"

டாக்டரிடம் போய் இல்லை என்று சொல்வதா? நம்மில் யார் சொல்லியிருக்கிறோம்? மாத்திரை கசந்தாலும் இனிக்கிறது டாக்டர் என்று சொல்கிற பரம்பரை நாம்! அவனும் தலையாட்டினான். ஆனால் சீக்கிரத்திலேயே சொல்ல வேண்டி வந்தது. "ஒங்கம்மாகிட்ட உள்ளதச் சொல்லிடு, கல்யாணம் நின்னுடும்" என்றார் அம்மையார். அவன் அம்மா ராயம்மாள் நெஞ்சு வலிக்காரி. "இல்ல டாக்டரம்மா" என்றான்.

அந்த அம்மையார் என்ன சொன்னார்? எத்தனையோ வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மேதை என்ன சொன்னார்? "அப்ப நான் சொன்னது தப்பு. ஒங்கம்மாவ எனக்குத் தெரியாது, ஒனக்குத்தான் தெரியும். வேற யோசி, நானும் யோசிக்கறேன்" என்றார். நான் சொன்னது தப்பு என்று ஒரு டாக்டர் சொல்லி என் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆமாம். என் காதால் என்றுதான் சொன்னேன். வாய் தவறவில்லை. அந்த வாத்தியார் நான்தான். உங்கள் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிற தேவசகாயம்தான்.

கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். மைக்கை அணைக்க வேண்டாம் தம்பி. அணைத்தாலும் நான் பேசுவேன், வகுப்பில் எனக்கு மைக் கிடையாது. பெண்கள் பக்கத்தில் என் தங்கை அருளம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். இன்று காலையில் அவளிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா பேசணுமோ பேசுண்ணா. நான் எந்திரிச்சுப் போவமாட்டேன்" என்றாள். நாளைக்குப் பள்ளிக்கூட நிர்வாகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. பயப்பட வேண்டிய நேரம் இது. பயமும் வரவில்லை. மரத்துப்போனதில் அது ஒரு சௌகரியம்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். நானும் அம்மையாரும் யோசித்தோம். தீராத தலைவலி, கல்யாணம் கூடாது என்று டாக்டர் சொல்கிறார் என்று பெண் வீட்டில் சொல்வதாக முடிவு செய்தோம். சொன்னேன். ஓலை நின்றது. அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்து, பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறாள். என் தாயார் கடைசி வரை என் தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டே கண்ணை மூடினார். அது எனக்குச் சம்மதம்தான். அவருக்குத் தெரியக்கூடாது என்று நான் கேட்டபடிதான் நடந்தது.

ஆனால் 'தலைவலி' என்ற அந்தச் சொல் ஊருக்குள் போய்விட்டது. தேவசகாயம் தலைவலி என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டானாமே! புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. அவலூர்பேட்டையிலிருந்து ஒருவன் வந்தான், தலைவலி டாக்டரம்மா என்றான். கூடப் படித்தவள்மேல் உயிரை வைத்துவிட்டு, தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று ஒரு பெண் வந்தாள், தலைவலி என்றாள். ஆண் என்று ஊர் சொன்னாலும் புடவை கட்டினால்தான் மூச்சு வருகிறது என்று ஒருவர் வந்தார். அவருக்கும் தலைவலி. அம்மையாரே ஒரு முறை குழம்பிவிட்டார். இதோ சிரிக்கிறாரே, நிலக்கடலை வியாபாரி நூருல்லா பாய், அவருக்கு வந்தது நிஜத் தலைவலி. "தூக்கம் போவுதுன்னு சொல்றீங்களே, யார நெனச்சாப் போவுது? பயப்படாம சொல்லுங்க" என்று அம்மையார் ரகசியமாகக் கேட்க, "மல்லாட்ட வெலய நெனச்சாப் போவுதும்மா" என்றார் பாய்! அம்மையார் சிரித்த சிரிப்பு கீழே சைக்கிள் கடை வரை கேட்டது. அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்க்கிறேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

சந்தை நாளில் நான் அந்த மாடி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன். ஏன்? பிள்ளை உள்ளே பேசும்போது, வெளியே பெற்றவர்கள் துடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு பேச ஓர் ஆள் வேண்டும். "வாத்தியார் சொன்னா கேப்பாங்க, வர்றியா?" என்று என்னைக் கேட்டுத்தான் உட்காரவைத்தார். அங்கேதான் சிங்கவரத்து விவசாயி ஒருவரைப் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன். மகன் மல்லாட்டைக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் குடித்துப் பிழைத்திருந்தான். "கரண்டு வெச்சாவது இவன சரி பண்ணிக் குடுங்க டாக்டரம்மா" என்று அவர் அம்மையார் காலில் விழப் போனார். அம்மையார் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "பையன் மருந்து குடிச்சான்னு சொல்றீங்க. நீங்க எத்தினி நாளா தூங்கல? மொதல்ல ஒங்களப் பாக்கறேன்" என்றார். அவர்தான் மாதக்கணக்கில் வந்தார்! நிலத்தைப் பற்றிப் பேசினார், சொந்தக்காரர்கள் வாயைப் பற்றிப் பேசினார், கடைசியில் மகனைப் பற்றிப் பேசினார். அந்த மகன் மாறவில்லை. உயிரோடு இருக்கிறான். அப்பனும் மகனும் ஒரே சைக்கிளில் சந்தைக்கு வருகிறார்கள்.

அதைப் பார்த்த நம் ஜனம் என்ன சொன்னது? "பையன் சரியாயிட்டான்பா! டாக்டரம்மா சரி பண்ணிட்டாங்க!" என்றது. இந்தச் சொல்தான் எல்லாவற்றுக்கும் மூலம். அழுதவன் சிரித்தால் நமக்கு அவன் சரியாகிவிட்டான். சாப்பிட்டால் சரியாகிவிட்டான். அவன் எப்படிச் சிரித்தான் என்று யார் கேட்டோம்? அண்ணன் ஜெயராமன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஊர் சொன்னதை அவர் எழுதினார். 'சரியாயிட்டான்' என்பதை நல்ல தமிழில் எழுதினால் 'குணமாக்கி' என்றுதான் வரும்.

நான் ஒரு நாள் அம்மையாரிடம் கேட்டேன். "ஊரு தப்பா பேசுது டாக்டரம்மா, நீங்க இல்லன்னு சொல்லக்கூடாதா?" என்றேன். "பேசிட்டுப் போவட்டும். சரியாயிட்டான்னு நெனச்சா இவங்கள வுட்டுடுவாங்க இல்ல, நிம்மதியா தூங்குவாங்க" என்றார். அவர் இருந்தவரை அந்தத் தவறு எங்களுக்குக் குடையாக இருந்தது. அவர் கையில் இருந்ததால் அது குடை. இன்று நீங்கள் அதைப் புதிய டாக்டர் கையில் கொடுக்கிறீர்கள். குணமாக்குங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள். அவர் நல்லவர். ஊர் கேட்கிறதே என்று குணமாக்கப் பார்த்தால்? சிங்கவரத்துப் பிள்ளை நாளைக்கு அந்தப் படியில் ஏறினால் என்ன ஆகும்? என்னை அனுப்பியதுபோல அவனையும் கரண்ட் வைக்க அனுப்பப்போகிறோமா? அம்மையாரின் பெயரைச் சொல்லியா அனுப்பப்போகிறோம்?

டாக்டர் ஹபீபா அவர்களே! உங்களை முதலில் பிரசவத்துக்குத்தான் கூப்பிடுவார்கள், அதற்குத் தயாராக வாருங்கள். அது போகட்டும். துணி எடுக்கப் போனால் நூல் இழுத்துப் பார்க்கிறோம். பெண் கொடுக்கப் போனால் ஏழு ஊர் விசாரிக்கிறோம். டாக்டரிடம் மட்டும் எதையும் கேட்காமல் தலையை நீட்டிவிடுகிறோம். நான் இன்று கேட்கப்போகிறேன். எங்களில் ஒருவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து, நான் இப்படித்தான் என்று சொன்னால், அவர் முகத்தைப் பார்ப்பீர்களா, கூட வந்தவர் முகத்தைப் பார்ப்பீர்களா? எங்கள் வாழ்க்கையை எங்களோடு உட்கார்ந்து யோசிப்பீர்களா, எங்களுக்குப் பதிலாக யோசிப்பீர்களா? தெரியாததைத் தெரியாது என்பீர்களா? இது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். உடனே பதில் வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் பதில் எங்களுக்கு ஒத்துவந்தால், சந்தை நாள் தவறாமல் அந்த பெஞ்சில் நான் வந்து உட்காருவேன். வேலை போனாலும் உட்காருவேன். வேலை போனால் மற்ற நாளிலும் உட்காருவேன்! ஒத்துவராவிட்டால் வேறு டாக்டரைத் தேடுவேன். வேலூரோ மதராஸோ, இந்த ஊருக்கு ஒருவர் கிடைக்கும்வரை தேடுவேன். அம்மையார் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கிற வாக்கு இது.

ஐயா கலியபெருமாள் அவர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இந்தக் கூட்டத்தில் உங்கள் துணைவியாருக்குப் பெருமை சேர்க்காமல் வேறு எதையோ பேசிவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால், வருந்துகிறேன். தலையை ஆட்டுகிறீர்கள். இல்லை என்கிறீர்களா? நன்றி ஐயா.

தலைவர் அவர்களே! டாக்டர் தனகோட்டி அம்மையார் யாரையும் குணமாக்கவில்லை. யாரையும் மாற்றவில்லை. எங்களைச் சாக விடவில்லை, அவ்வளவுதான். தீர்மானத்தில் அதை எழுதுங்கள். 'வழி தவறிய' என்பதை எடுங்கள். 'குணமாக்கி' என்பதை எடுங்கள். எடுத்துவிட்டு எங்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள், இந்த மைதானத்தில் முதல் ஆளாக நான் நிற்பேன். எடுக்காமல் சொன்னால், எல்லோரும் நிற்கும்போது நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு உயிர் கொடுத்தவருடைய இரங்கல் கூட்டத்தில், அவருக்கு மரியாதையாகவே உட்கார்ந்திருப்பேன். இங்கே என்னைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். அவர்கள் நிற்கட்டும், உட்காரட்டும், அது அவர்கள் இஷ்டம்.

பேச்சை முடித்துக்கொள்கிறேன். என் நாற்காலியில் போய் உட்காருகிறேன்.

சொல்லுங்கள் தலைவர் அவர்களே. நான் எழுந்திருக்கட்டுமா?